தந்தைக்கு ‘லோ பிரஷர்’ என்கிறார்கள்: எந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 71 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், பத்து ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தமும் உண்டு. சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணியளவில் சிறுநீர் கழிக்க எழுந்து சென்றவர், திரும்பி வரும்போது கழிப்பறை வாசலிலேயே சரிந்து விழுந்துவிட்டார். நிலைக்கதவில் இடித்துக்கொண்டதால் நெற்றியில் இரண்டு தையல் போடும்படி ஆயிற்று. ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பிவிட்டது. பேச்சு குழறவில்லை, கை கால் இழுக்கவில்லை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்ளே பாதிப்பு எதுவும் இல்லை என்றார்கள்.

அன்று காலை எங்கள் தெரு முனையிலுள்ள மருந்துக்கடையில் அழுத்தம் பார்த்தபோது 98/62 என்று காட்டியது. “ஐயாவுக்கு லோ பிரஷர், உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுங்கள்” என்றார்கள். மாலையில் வேறோர் இடத்தில் பார்த்தால் 146/84. பத்து ஆண்டுகளாக உயர் அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் ஒருவருக்குத் தாழ்ந்த அழுத்தம் எப்படி வரும் என்பதும், இனி அந்த மாத்திரைகளைக் கொடுக்கலாமா கூடாதா என்பதும் எங்கள் வீட்டில் மூன்று நாளாக நடக்கும் வாக்குவாதம்.

அவர் எடுத்துக்கொள்பவை: காலையில் டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, அம்லோடிபின் ஒன்று, இரு வேளை மெட்ஃபார்மின், இரவு படுக்கும்போது புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின். இதில் கடைசி மாத்திரை ஒரு மாதத்துக்கு முன்புதான் தொடங்கப்பட்டது. அடுத்த வாரம் எங்கள் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குள் என்ன செய்ய வேண்டும், எதைக் கண்டால் காத்திராமல் ஓட வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

நெற்களம் எழுதியது:

மூன்று நாளாக எதற்காக வாக்குவாதம் செய்கிறீர்கள் என்று புரியவில்லை. அழுத்தம் 98க்கு இறங்கிவிட்ட ஒருவருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை எதற்கு? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலையில் நீர்மோரில் உப்பைத் தூக்கலாகப் போட்டுக் கொடுங்கள். இரண்டே நாளில் தெளிந்துவிடுவார். என் தாயாருக்கு நாற்பது ஆண்டுகளாக 90/60தான். எந்த மருத்துவரிடமும் போகாமல், வயலில் நாற்று நட்டு, 88 வயது வரை நிறைவாக வாழ்ந்தார். தாழ்ந்த அழுத்தம் ஒரு நோயே அன்று என்பது என் அனுபவம்.

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

நெற்களம் ஐயா, உங்கள் தாயாரைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மையாக இருக்கும். அதையே வைகைக்கரை அவர்களின் தந்தைக்குப் பொருத்துவதுதான் ஆபத்து. நாற்பது ஆண்டுகளாக 90/60 என்பது அந்த அம்மாவின் உடல் தனக்கென வைத்துக்கொண்ட இயல்பு. இங்கே 140க்கு மேல் பழகிய உடலில் திடீரென 98 தென்படுகிறது. அதோடு மயக்கமும் அடியும் சேர்ந்திருக்கின்றன.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். அழுத்தத்துக்கான மாத்திரைகளில் சிலவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் அழுத்தமும் நாடித்துடிப்பும் முன்பிருந்ததைவிட எகிறும். உங்கள் தந்தையின் பட்டியலில் அப்படிப்பட்டது இல்லை என்றாலும், இந்த இழையைப் படிக்கும் வேறு யாராவது ‘லோல்’ என்று முடியும் பெயருள்ள மாத்திரையையோ குளோனிடினையோ சட்டென்று நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம் வரை காத்திராமல், மருந்து விவரங்களைத் தொலைபேசியிலாவது சொல்லிக் கேளுங்கள்; விழுந்து அடிபட்டவர் என்றால் முன்கூட்டியே பார்ப்பார்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். வார்டில் நாங்கள் செய்வதுதான், ஆனால் வெளியில் யாரும் செய்வதில்லை. காலையில் எழுந்தவுடன், அவர் படுக்கையை விட்டு இறங்கும் முன், ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்த நிலையில் அழுத்தமும் நாடியும் பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் தோளைத் தாங்கி நிற்க வேண்டும். கண் இருட்டுகிறது என்றால் அந்தக் கணமே படுக்க வைத்துவிட வேண்டும், எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. நிற்கும்போது கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டி, உண்மையான இறக்கத்தை மறைத்துவிடும். கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, உங்கள் கையிலோ அலமாரித் தட்டிலோ தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அதற்கு நிலைமாற்றத் தாழ்வழுத்தம் என்று பெயர். உங்கள் தந்தையிடம் நான் சந்தேகிப்பது இதைத்தான்.

சிறுதூறல் எழுதியது:

இழையின் இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். என் கேள்வியும் இதே பொருளைப் பற்றியது. எனக்கு 24 வயது, எடை 47 கிலோ. சென்ற மாதம் கல்லூரியில் நடந்த இரத்ததான முகாமில் என் அழுத்தம் 94/58 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 13 இருந்தது. எனக்குத் தலைசுற்றலோ சோர்வோ எதுவும் இல்லை. நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் மிதிவண்டியில் போய் வருகிறேன். ஆனால் அன்று முதல் வீட்டில் என்னை நோயாளியாக்கிவிட்டார்கள். பாட்டி காப்பியில் உப்புப் போடுகிறார். எனக்கு உண்மையிலேயே ஏதேனும் கோளாறு உள்ளதா?

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன். எழுத்தில் நோயாளியைப் பார்க்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

90/60க்குக் கீழே போனால் தாழ்வழுத்தம் என்று பாடப்புத்தகங்கள் ஓர் எல்லைக்கோடு போடுகின்றன. அந்தக் கோட்டின் பயன் குறைவு. உயர் அழுத்தத்தில் எண்ணே ஆபத்து. எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் 170 என்பது ஆண்டுக்கணக்கில் இரத்தக் குழாய்களைச் சிதைக்கும். தாழ்ந்த அழுத்தத்தில் அப்படியில்லை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. சேர்கிறது என்றால் அந்த எண்ணால் கெடுதல் இல்லை. தொல்லையில்லாத தாழ்ந்த அழுத்தத்தைத் தனி நோயாகக் கருதி மருந்து கொடுக்கும் வழக்கம் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்தது. பிரிட்டன் மருத்துவர்கள் அதை ‘ஜெர்மன் நோய்’ என்று கேலி செய்ததுண்டு. நம் ஊரில் அதே வேலையைக் காப்பியில் போடும் உப்பு செய்கிறது.

சிறுதூறல், மெலிந்த உடல்வாகுள்ள, உடலுழைப்புள்ள இளம்பெண்ணுக்கு 94/58 என்பது இயல்பு. உங்களைத் திருப்பி அனுப்பியதும் சரியே: இரத்ததானத்துக்கு மேல் எண் 100 முதல் 140, கீழ் எண் 60 முதல் 90 என்று இந்திய விதிமுறை வைத்திருக்கிறது. 350 மில்லிலிட்டர் எடுத்தவுடன் நீங்கள் மயங்கிவிடக் கூடாது என்பதற்கான முன்னெச்சரிக்கைதான் அது. உங்களுக்கு நோய் என்ற முடிவு அன்று. இன்னொன்று, முகாம்களில் எல்லாருக்கும் ஒரே பட்டையைத்தான் சுற்றுவார்கள். பருத்த கைக்கான பட்டையை மெலிந்த கையில் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். உப்புக் காப்பியை நிறுத்திவிடலாம்.

வைகைக்கரை அவர்களே, செவிலி சொன்ன சோதனையைச் செய்துவிட்டு எண்களை எழுதுங்கள். அதன் பிறகு பேசுவதே பொருத்தம்.

மலைக்கோட்டை எழுதியது:

‘தொல்லை இல்லையென்றால் கெடுதல் இல்லை’ என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொல்லை இருக்கும்போது அதை ‘லோ பிரஷர்’ என்ற ஒரே கூடையில் போட்டு மூடிவிடும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் கிறுகிறுப்பு என்றால் பித்தம் என்பார்கள்; இப்போது அந்த இடத்தில் லோ பிரஷர் உட்கார்ந்திருக்கிறது.

என் தாய்மாமா முழங்கால் வலிக்காகக் கடையில் தானாகவே வலி மாத்திரை வாங்கி ஒரு மாதம் சாப்பிட்டு வந்தவர். இதயத்துக்கென்று ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். பக்கத்தில் இருந்த சிறிய மருத்துவமனையில் அழுத்தம் 100/70 என்று பார்த்து, லோ பிரஷர் என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளும் அதே கதை, இன்னொரு பாட்டில். மூன்றாம் நாள் அத்தை தற்செயலாகத்தான் சொன்னார்: இரண்டு நாளாக மாமாவுக்கு மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போகிறதாம். பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. ஹீமோகுளோபின் 6க்கு இறங்கியிருந்தது. மூன்று அலகு இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவருக்கு முதல் நாளே நாடித்துடிப்பு 118 இருந்தது என்பதை அந்தச் சீட்டிலேயே எழுதியிருந்தார்கள். அழுத்தத்தை வாசித்தவர்கள் அதற்கு அடுத்த வரியில் இருந்த நாடியை வாசிக்கவில்லை.

மருந்துச்சீட்டு எழுதியது:

மலைக்கோட்டை அவர்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரிகளைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழாய்களில் இரத்தம் குறையும்போது உடல் முதலில் அழுத்தத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, கை கால் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே வேகமான நாடி, சில்லென்ற வியர்த்த கைகள், சிறுநீர் குறைதல் ஆகியவை முன்னே வரும். அழுத்தம் விழுவது பின்னேதான். 100/70 என்ற எண் வெளியில் அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே போராட்டம் நடந்துகொண்டிருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தார்போல் பிசுபிசுக்காது, அந்த நாற்றமும் இராது. ஐயம் இருந்தால் மருத்துவமனையே முடிவு செய்யட்டும்.

குளுக்கோஸ் ஏற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து விழுக்காடு குளுக்கோஸ் கரைசல் 500 மில்லிலிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. உடல் அந்தச் சர்க்கரையை எரித்துவிட்ட பிறகு எஞ்சுவது வெறும் தண்ணீர். அது உடல் முழுவதும் பரவி, இரத்தக் குழாய்க்குள் தங்குவது மிகச் சிறு பகுதியே. குழாயை நிரப்ப வேண்டுமென்றால் உப்புக்கரைசல் வேண்டும், கசிவு இருந்தால் இரத்தம் வேண்டும். வாயால் குடிக்க முடிகிற ஒருவர், வெயிலில் நீர் வற்றித்தான் கிறுகிறுக்கிறது என்றால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்துக் குடிப்பது அந்தக் குளுக்கோஸ் பாட்டிலைவிட மேல். ஆனால் ‘பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம்’ என்ற எண்ணத்தை மாற்ற இன்னும் ஒரு தலைமுறை ஆகும் போலிருக்கிறது.

பனங்கீற்று எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘எண் தாழ்ந்திருந்தால்தான் ஆபத்து’ என்ற எண்ணமும் பிழை என்பதை எனக்கு டெங்கு கற்பித்தது. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் பதிவான அந்த ஆண்டில் என் தம்பியும் வைத்தியசாலையில் கிடந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா நேர்த்திக்கடனை எப்போது தீர்ப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அன்று பின்னேரம் தாதி குருதி அமுக்கம் பார்த்து 100/82 என்று எழுதினார். 100 நல்ல எண்தானே என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் ஓட்டமாய்ப் போய் வைத்தியரை அழைத்துவந்தார்.

பிறகுதான் விளக்கினார்கள். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கினால், குருதியின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து வெளியே கசிகிறது என்று பொருள். டெங்குவில் இது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை; காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருகிறது. தம்பியின் பாதங்கள் அன்று ஐஸ் போல் குளிர்ந்திருந்தன. வயிறு நோகிறது என்று முனகிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சலம் (சிறுநீர்) போகவில்லை. இவை எல்லாவற்றையும் நாங்கள் ‘காய்ச்சல் விட்ட களைப்பு’ என்று கணக்கில் எழுதியிருந்தோம்.

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

பனங்கீற்று, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் வார்டின் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் கண்முன் வந்துவிட்டன. டெங்கு நோயாளிகளின் உறவினர் எல்லாரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். யாரும் கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது என்று கேட்பதில்லை.

மயக்கம் போட்டவரைச் சூழ்ந்திருப்பவர்கள் செய்யும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயில் வரிசையில் நெடுநேரம் நின்ற ஒருவருக்குக் கொட்டாவி வரும், வியர்க்கும், குமட்டும், காது அடைத்து ஓசை தூரத்தில் கேட்பதுபோல் ஆகும், பிறகு கண் இருட்டும். இது சாதாரண மயக்கத்தின் வரிசை. விழுந்து கிடந்தால் தலைக்கு இரத்தம் தானே வந்து சேர்ந்து அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் நம்மவர்கள் விழ விடமாட்டார்கள். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள், ஒருவர் நாற்காலி கொண்டுவந்து உட்கார வைப்பார், இன்னொருவர் நினைவில்லாத வாயில் சோடாவை ஊற்றுவார். நிறுத்தி வைப்பதால் மயக்கம் நீள்கிறது. சோடா மூச்சுக்குழாயில் போகிறது. தரையில் கிடத்தி, கால்களை ஒரு பை மீதோ யாராவது மடியிலோ உயர்த்தி வைத்து, கூட்டத்தை விலக்கினால் போதும்.

மயக்கம் வருவதை முன்பே உணர்பவர்கள், உட்கார இடமில்லை என்றால், கால்களைக் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். காலில் தேங்கிய இரத்தம் மேலேறி, உட்கார ஓரிடம் தேடும் அவகாசம் கிடைக்கும்.

வைகைக்கரை எழுதியது:

செவிலி அவர்கள் சொன்னபடி இன்று காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தோம். என் மனைவி தந்தையின் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் கையை என் தோள்மீது தாங்கிக்கொண்டேன். படுத்த நிலையில் 152/84, நாடி 74. நின்ற ஒரு நிமிடத்தில் 114/70, நாடி 78. மூன்று நிமிடத்தில் 118/72, நாடி 79. ஒரு நிமிடத்தில் பார்த்தபோது “லேசாகப் புகை மூட்டமாகத் தெரிகிறது” என்றார். உட்கார வைத்துவிடலாமா என்று கேட்டேன், சற்று நேரத்தில் சரியாகிவிட்டது என்றார். ஆறு மாதமாகக் காலையில் அப்படித்தான் இருக்கிறதாம். எங்களிடம் சொன்னதில்லை, கண்ணாடிப் பவர் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். மலம் கறுப்பாக இல்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மருந்துச்சீட்டு எழுதியது:

இப்போது உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் இரு தரப்பும் வென்றுவிட்டது. உங்கள் தந்தைக்குப் படுத்தால் உயர் அழுத்தம், நின்றால் தாழ்வழுத்தம். இரண்டும் ஒரே மனிதரிடம், ஐந்து நிமிட இடைவெளியில். உட்கார வைத்து மட்டும் பார்த்திருந்தால் இரண்டுமே கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் காலிலும் வயிற்றுக் குழாய்களிலும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் அந்த இறக்கத்தைக் கண்டு மூளைக்குச் சொல்ல, மூளை நரம்புகள் வழியாகக் குழாய்களைச் சுருக்கி நாடியை விரைவாக்குகிறது. இவை எல்லாம் சில நொடிகளில் நடந்து முடிவதால் நாம் நிற்பதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. நெடுங்காலச் சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளைப் பாதிப்பதுபோலவே இந்தத் தன்னியக்க நரம்புகளையும் பாதிக்கும். உங்கள் தந்தையின் அழுத்தம் 38 இறங்கியும் நாடி 4தான் ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மலைக்கோட்டையின் மாமாவுக்கு நாடி 118 ஓடியது. அங்கே நரம்புகள் நன்றாக வேலை செய்தன, இரத்தம்தான் இல்லை. இங்கே இரத்தம் இருக்கிறது, ஏவல் செய்யும் நரம்பு சோர்ந்திருக்கிறது என்றே நான் ஊகிக்கிறேன். செவிலி சொன்ன ‘லோல்’ வகையான பீட்டா தடுப்பான் மாத்திரைகளும் நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும், ஆனால் அவர் பட்டியலில் அது இல்லை.

அந்தச் சோர்ந்த நரம்பின்மேல் மூன்று மாத்திரைகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தயசைடு நீரை வெளியேற்றுகிறது. அம்லோடிபின் குழாயைத் தளர்த்துகிறது. டாம்சுலோசின் புராஸ்டேட் தசையைத் தளர்த்துவதோடு குழாய்களையும் கொஞ்சம் தளர்த்துகிறது. கடைசியாக வந்தது டாம்சுலோசின் என்றாலும் பழியை அதன்மேல் மட்டும் போட மாட்டேன். ஆறு மாதமாகவே புகை மூட்டம் இருந்திருக்கிறது, அது வந்து ஏற்கெனவே சாய்ந்திருந்ததைத் தள்ளிவிட்டது. விடியற்காலை நான்கு மணி என்பதற்கும் காரணம் உண்டு. இரவெல்லாம் படுத்த நிலையில் அழுத்தம் உயர்ந்திருப்பதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் அதிகமாக வெளியேற்றுகிறது; விடியும்போது உடலில் நீர் குறைந்திருக்கும், நிறைந்த சிறுநீர்ப்பை காலியாவதும் அழுத்தத்தை இறக்கும். எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுகூடுகின்றன.

எதைக் குறைப்பது, எதை மாற்றுவது என்பதை உங்கள் மருத்துவர் தீர்மானிக்கட்டும். இந்த எண்களைத் தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளோடு நாளையே கொண்டுபோய்க் காட்டுங்கள், ஓர் ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அவர் எழுந்தவுடன் நடக்கக் கூடாது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, பிடித்துக்கொண்டு எழ வேண்டும். இரவில் சிறுநீரை உட்கார்ந்தே கழிக்கட்டும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ நீர்க்கட்டுப்பாடு சொல்லப்படவில்லை என்றால், எழுமுன் படுக்கையருகே வைத்த இரண்டு டம்ளர் தண்ணீரைக் குடிக்கலாம். தன்னியக்க நரம்பு பழுதுபட்டவர்களுக்கு இது சில நிமிடங்களில் அழுத்தத்தை உயர்த்தித் தரும். உப்பைக் கூட்ட வேண்டாம். படுத்தால் 152 உள்ள மனிதருக்கு நீர்மோரில் தூக்கலாக உப்புப் போடுவது ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டுவது.

நெற்களம் எழுதியது:

மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மாத்திரைகளை நிறுத்தச் சொன்ன என் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம். படுத்து ஒன்று, நின்று ஒன்று என்று பார்க்கும் வழக்கம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி: எங்கள் ஊர்த் திருமணங்களில் வயதானவர்கள் பந்தியில் சாப்பிட்டு எழுந்து கைகழுவும் இடத்தில் மயங்கி விழுவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதுவும் இதுதானா?

மருந்துச்சீட்டு எழுதியது:

இதன் உறவுக்காரர் என்று சொல்லலாம். நிறையச் சோறும் பாயசமும் உண்ட பிறகு செரிமானத்துக்காகக் குடலுக்கு இரத்தம் பாய்கிறது. முதியவர்களின் உடல் அதை ஈடுகட்டத் தவறினால் உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கும். அளவைக் குறைத்துப் பலமுறை உண்பதும், உண்டபின் சற்று நேரம் உட்கார்ந்திருப்பதும், மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் உதவும். பந்தியில் அடுத்தவர் இலைக்காக முதுகுக்குப் பின்னால் காத்து நிற்கும்போது முதியவர் எப்படி நிதானமாக எழுவார் என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எப்போது காத்திரக் கூடாது என்று வைகைக்கரை முதலில் கேட்டதற்கு விடை சொல்லாமலே இருக்கிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கறுத்த மலம் அல்லது இரத்த வாந்தி, குழப்பமான பேச்சு, சில்லிட்டு வியர்த்த உடல், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, காய்ச்சலோடு கூடிய தாழ்வழுத்தம், தடிப்பும் முகவீக்கமும் வந்து கூடவே மயக்கம், மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம்: இவற்றில் எது இருந்தாலும் அழுத்தமானியைத் தேடிக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும். மயக்கத்திலும் சில வகைகள் உடனே பார்க்கப்பட வேண்டியவை. ஓடும்போதோ படி ஏறும்போதோ வருவது, படுத்திருக்கும்போதே வருவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விளக்கை அணைத்ததுபோல் வருவது, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருப்பது ஆகியவை இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அவர்களுக்கு விழுவதற்கு முன்னும் பின்னும் அழுத்தம் முற்றிலும் சரியாகவே இருக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை அதோடு சேர்க்கவே கூடாது. அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சரியும். இதைக் கேட்க வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை என்பதால் கேட்காமலே சொல்கிறேன்.

சிறுதூறல் எழுதியது:

மருத்துவர் ஐயா, என் அக்காவுக்கு ஐந்தாம் மாதம். அவருக்கும் 96/60 என்கிறார்கள். இதுவும் இயல்புதானா?

மருந்துச்சீட்டு எழுதியது:

கருவுற்ற முதல் ஆறு மாதங்களில் குழாய்கள் தளர்வதால் அழுத்தம் சற்று இறங்கி, கடைசி மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது இயல்பு. இரத்தசோகை இல்லை, குழந்தை அசைகிறது, அக்கா நன்றாக இருக்கிறார் என்றால் அதற்காகக் கவலை வேண்டாம். பிற்பகுதியில் மல்லாந்து படுத்தால் கிறுகிறுக்கும். கருப்பை பெரிய சிரையை அழுத்துவதே காரணம், ஒருக்களித்துப் படுத்தால் நீங்கிவிடும். கருவுற்றவரிடம் நான் அஞ்சுவது அழுத்தம் ஏறுவதைத்தான்.

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாளே எங்கள் மருத்துவரைப் பார்த்தோம். அவரும் படுக்க வைத்து, நிற்க வைத்துத் தாமே ஒரு முறை பார்த்தார். தயசைடு சேர்ந்த மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்டானை மட்டும் தனியாகக் கொடுத்தார். புராஸ்டேட் மாத்திரையைச் சிறுநீரியல் மருத்துவரைக் கலந்துகொண்டு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 11.8. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வளையும், கட்டிலே சாய்ந்திருக்க வேண்டும் என்றார். இப்போது இரவில் மூன்று முறை எழுந்தவர் ஒரு முறைதான் எழுகிறார்.

இன்று காலை படுத்த நிலையில் 144/80, நின்ற ஒரு நிமிடத்தில் 126/74, மூன்று நிமிடத்தில் 130/76. புகை மூட்டம் இல்லையாம். படுக்கையருகே வைக்கச் சிறுநீர்க் குடுவை ஒன்று வாங்கினேன், அதைப் பார்த்ததும் “நான் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறேன்?” என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஆகவே கழிப்பறை வரை சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறார்.